கல்சியம் 5 கிராம், ஒட்சிசன் 4 கிராம்: இந்தச் சேர்வையின் சூத்திரம் என்ன?

உவர்மலை மாணவி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். உயர்தரம் எழுத இருக்கிறேன். பயிற்சி வினாத்தாளில் வந்த ஒரு கணக்கில் நிற்கிறேன். கல்சியமும் ஒட்சிசனும் மட்டும் உள்ள ஒரு சேர்வையின் 9.00 கிராமில் 5.00 கிராம் கல்சியம் இருக்கிறது, அதன் அனுபவச் சூத்திரம் (அணுக்களின் மிக எளிய விகிதம்) என்ன என்று கேட்டிருக்கிறார்கள். சாரணுத்திணிவு கல்சியத்துக்கு 40, ஒட்சிசனுக்கு 16.

செய்து பார்த்தேன். மிச்சம் ஒட்சிசன் 4.00 கிராம். கல்சியம் 5 ÷ 40 = 0.125 மூல். ஒட்சிசன் 4 ÷ 16 = 0.25 மூல். விகிதம் 1:2 என்று வருகிறது. ஆனால் கல்சியத்தின் வலுவளவு (ஓர் அணு பிணையும் திறன்) 2, ஒட்சிசனின் வலுவளவும் 2. அப்படியென்றால் 1:1 தானே வர வேண்டும்? வகுப்பில் பாதிப் பேர் வினாவில் அச்சுப்பிழை என்கிறார்கள். யாராவது விளக்குங்கள். சூத்திரங்களைச் சொல்லாகவே எழுதினால் நல்லது, என் போனில் சின்ன எண்கள் கீழே இறங்காமல் குழப்புகின்றன.

பாலையூற்றான்

அச்சுப்பிழைதான் தங்கச்சி. 9.00 என்பதை 7.00 ஆக்கிப் பாருங்கள். கல்சியம் 5, ஒட்சிசன் 2. 2 ÷ 16 = 0.125. கல்சியமும் 0.125. விகிதம் 1:1, கல்சியம் ஒட்சைட்டு, கணக்கு முடிந்தது. ஒன்றின் வலுவளவை மற்றதன் அணு எண்ணிக்கையாகக் குறுக்காகப் போட்டால் வராத சூத்திரத்தைப் பரீட்சையில் எழுதினால் புள்ளி போய்விடும்.

தம்பலகாமம் வாத்தியார்

பிள்ளை, வினாவில் பிழை இல்லை. உங்கள் கணக்கிலும் பிழை இல்லை. ஒரு கல்சியத்துக்கு இரண்டு ஒட்சிசன் உள்ள சேர்வை உண்மையில் இருக்கிறது. கல்சியம் பேரொட்சைட்டு என்று பெயர். வெளிர் மஞ்சளோ வெள்ளையோ ஆன தூள், கடையில் வாங்கக்கூடிய பொருள்.

பாலையூற்றுத் தம்பி சொன்ன வழியில் எனக்கு உடன்பாடு இல்லை. தராசு 9.00 என்று சொல்லும்போது, நமக்குத் தெரிந்த சூத்திரத்துக்குப் பொருந்தட்டும் என்று அதை 7.00 ஆக்குவது சரியல்ல. சூத்திரம் என்பதே நிறுத்துப் பார்த்ததால் பிறந்தது. 1756இல் ஜோசப் பிளாக் சுண்ணக்கல்லைச் சுட்டு, எவ்வளவு திணிவு குறைகிறது என்று நிறுத்து, அதற்குள் ஒரு வாயு கட்டுண்டு கிடக்கிறது என்று காட்டினார். அப்போது கல்சியம் என்ற மூலகத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஹம்ப்ரி டேவி அதைப் பிரித்தெடுத்தது 1808இல். வலுவளவு என்ற எண்ணம் வந்தது அதற்கும் பிந்தி. நிறுத்தல்தான் மூத்தது.

இரண்டு சேர்வைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்சியம் ஒட்சைட்டில் 40 + 16 = 56. அதில் கல்சியம் 71.43 வீதம், ஒட்சிசன் 28.57 வீதம். கல்சியம் பேரொட்சைட்டில் 40 + 32 = 72. அதில் கல்சியம் 55.56 வீதம், ஒட்சிசன் 44.44 வீதம். உங்கள் வினாவில் 5 ÷ 9 = 55.56 வீதம். கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்புறம் இன்னொன்று: ஒரே 40 கிராம் கல்சியத்தோடு சேரும் ஒட்சிசன் ஒன்றில் 16, மற்றதில் 32. எளிய முழு எண் விகிதம், 1:2. டால்ரனின் பல்விகித சம விதி என்று படித்திருப்பீர்களே, அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் தேட வேண்டியதில்லை.

வலுவளவு எங்கே போனது என்றால், எங்கும் போகவில்லை. பேரொட்சைட்டில் இரண்டு ஒட்சிசன் அணுக்கள் தங்களுக்குள் ஒரு பிணைப்பால் கைகோத்து ஒரே அயனாக நிற்கின்றன. அந்த அயன் முழுவதற்கும் சேர்த்து ஏற்றம் 2 மறை. கல்சியம் அயனின் ஏற்றம் 2 நேர். ஒன்றுக்கு ஒன்று. ஒவ்வொரு ஒட்சிசனையும் தனியே எடுத்தால் ஒட்சியேற்ற எண் மறை 1. ஐதரசன் பேரொட்சைட்டிலும் இதே கதைதான். குறுக்காகப் போடும் முறை நல்ல முறை. ஆனால் அது அயனின் ஏற்றத்தைக் கொண்டு செய்வது. ஒட்சிசன் எப்போதும் தனியாகவே நிற்கும் என்று நாமாக முடிவு செய்துவிட்டுப் போட்டால்தான் வழி தவறும்.

உவர்மலை மாணவி

மிக்க நன்றி சேர். இப்போது தெளிவு. ஒரே ஒரு சந்தேகம். அனுபவச் சூத்திரம் 1:2 என்றால், உண்மைச் சூத்திரம் இரண்டு கல்சியம், நான்கு ஒட்சிசன் என்று இருக்கக் கூடாதா?

தம்பலகாமம் வாத்தியார்

திணிவு நூற்றுவீதத்தை மட்டும் வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஆனால் இது அயன் சேர்வை. பளிங்கு முழுவதும் கல்சியம் அயனும் பேரொட்சைட்டு அயனும் மாறி மாறி அடுக்கியிருக்கின்றன, தனித்தனி மூலக்கூறு என்று வெட்டி எடுக்க அங்கே எதுவும் இல்லை. ஆகவே மிக எளிய விகிதத்தையே எழுதுகிறோம். சோடியம் பேரொட்சைட்டில் மட்டும் கவனம் தேவை. அங்கே எளிய விகிதம் 1:1, ஆனால் பேரொட்சைட்டு அயனைப் பாதியாக உடைத்து எழுத முடியாது என்பதால் இரண்டு சோடியம், இரண்டு ஒட்சிசன் என்றே எழுதுவோம். கல்சியத்தில் அந்தச் சிக்கல் வராது.

கிண்ணியா மேசன்

எல்லோருக்கும் ஸலாம். நான் படித்தது சாதாரண தரம் வரைதான், ஆனால் சுண்ணாம்போடு வளர்ந்தவன். வாப்பா காலத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் சிப்பிச் சூளை போட்டார்கள். மட்டி ஓடு ஒரு அடுக்கு, விறகும் சிரட்டையும் ஒரு அடுக்கு என்று மாறி மாறி அடுக்கி, கீழே காற்றுக்கு வழி விட்டு எரிப்பார்கள். போட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே சுண்ணாம்பு வரும் என்பது அவர்கள் கணக்கு. அது ஏன் அப்படி என்று சேர் சொல்ல முடியுமா? அதோடு, ஆறிய கட்டியை எடுத்துத் தண்ணீர் தெளித்தால் சீறிக்கொண்டு வெடித்துப் பொங்கி மாவாகும். சில கட்டிகள் மட்டும் எவ்வளவு தெளித்தாலும் நடுவில் கல்லாகவே கிடக்கும். அவற்றை அரித்தெடுத்து அடுத்த சூளைக்குத் தள்ளி வைப்பார்கள்.

தம்பலகாமம் வாத்தியார்

மேசன் தம்பி, பாதிக்குக் கொஞ்சம் மேலே என்ற அந்தக் கணக்கு புத்தகக் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

சிப்பியின் ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. 40 + 12 + 48 = 100. இப்படி உருண்டையான எண் வருவது கணக்குப் போடுபவருக்கு அதிர்ஷ்டம். சுடும்போது காபனீரொட்சைட்டு 44 வெளியேறுகிறது, கல்சியம் ஒட்சைட்டு 56 மிஞ்சுகிறது. 100 கிலோ சுத்தமான ஓடு முழுவதும் வெந்தால் 56 கிலோ. வாப்பாவின் ஆட்கள் கண்ட பாதிக்கு மேலே என்பது இதுதான்.

தண்ணீர் தெளிக்கும்போது 56 கிலோவுக்குத் தேவையானது 18 கிலோ தண்ணீர்தான், கிடைப்பது 74 கிலோ நீறிய சுண்ணாம்பு, அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டு. ஆவியாகப் போவதையும் சேர்த்து நடைமுறையில் கூடுதலாகவே ஊற்ற வேண்டி வரும். ஒரு மூலுக்கு ஏறத்தாழ 65 கிலோயூல் வெப்பம் வெளியேறும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 1,160 கிலோயூல் அளவில். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் 30 பாகையில் இருந்தால், கிட்டத்தட்ட நாலு லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் யாரும் நீற்ற வேண்டாம். கட்டி வெடிப்பதற்கு ஆவி ஒரு காரணம். ஐதரொட்சைட்டு பிடிக்கும் இடம் ஒட்சைட்டு பிடித்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது இன்னொரு காரணம். உள்ளேயிருந்து தள்ளித்தான் கட்டி பிளக்கிறது.

அந்தச் சாந்து சுவரில் ஏறிய பிறகு நடப்பதையும் பாருங்கள். ஐதரொட்சைட்டு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல எடுத்து மறுபடியும் காபனேற்றாகிறது. 74 உடன் 44 சேர்ந்து, 18 தண்ணீராகப் போய், மிஞ்சுவது 100. சூளைக்குள் போன அதே 100. பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரைச் சுரண்டினால் நகத்தில் ஒட்டுவது வேதியியலின்படி பெரும்பாலும் சிப்பியும் மணலும்தான்.

எங்கள் தம்பலகாமக் குடாவில் ஒளி ஊடுருவும் மெல்லிய தட்டைச் சிப்பி இருந்தது, ஆங்கிலேயர் காலத்தில் அதன் முத்துக்காகவே குளித்தார்கள். அந்த ஓடும் இதே காபனேற்றுத்தான், அந்த முத்தும் இதேதான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: புறாத்தீவுப் பக்கத்துப் பவளப்பாறையும் கல்சியம் காபனேற்றுத்தான் என்பதற்காக அதில் யாரும் கை வைக்கக் கூடாது. சட்டமும் தடுக்கிறது. உயிருள்ள பவளத்தைச் சுண்ணாம்பாக்குவது போன்ற அநியாயம் வேறில்லை.

பாலையூற்றான்

சேர், நடுவில் கல்லாகக் கிடக்கும் கட்டி பற்றி மேசன் நானா கேட்டாரே. அது வேகாத காபனேற்றுத்தானே? சூளை எவ்வளவு வெந்திருக்கிறது என்று நிறுத்தே கண்டுபிடிக்க முடியுமா?

சீமெந்து ஆய்வுகூடம்

முடியும், நான் வேலையில் தினமும் செய்வது ஏறத்தாழ அதுதான். உதாரணத்துக்கு 100 கிலோ சுத்தமான காபனேற்றுப் போட்டு, வெளியே எடுத்தது 63 கிலோ என்று வையுங்கள். குறைந்தது 37 கிலோ, அத்தனையும் காபனீரொட்சைட்டு. 44 கிலோ போனால் 100 கிலோ வெந்தது என்று பொருள். அப்படியென்றால் 37 × 100 ÷ 44 = 84.1 கிலோ வெந்திருக்கிறது. மிச்சம் 15.9 கிலோ வேகாமல் கிடக்கிறது. சரிபார்க்க வேண்டுமா? 84.1 இலிருந்து வந்த ஒட்சைட்டு 47.1. அதோடு 15.9 கூட்டினால் 63.0.

ஆனால் இந்தக் கணக்கை நம்புவதற்கு முன் தராசில் என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். மட்டி ஓட்டில் காபனேற்று மட்டும் இல்லை. அடுக்குகளைப் பிணைக்கும் புரதப் பொருள் கொஞ்சம் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. இரண்டும் சூட்டில் போய்விடும். தராசுக்கு அது காபனீரொட்சைட்டா, புரதமா, ஆவியா என்று தெரியாது. அதனால்தான் முதலில் 105 பாகையில் ஈரத்தை உலர்த்தி நிறுத்து, பிறகுதான் 950 பாகைக்கு ஏற்றுகிறோம்.

பாடசாலையில் செய்பவர்களுக்கு எதிர்த் திசையில் ஒரு தொல்லை. பன்சன் சுடரடுப்பில் புடக்குகைக்குள் இருக்கும் தூள் முழுவதும் பிரிகையடையும் வெப்பநிலைக்குப் போவது கடினம். 44 வீதம் குறைய வேண்டிய இடத்தில் 20, 30 என்றுதான் குறையும். சுட்டு, ஆற்றி, நிறுத்து, மறுபடி சுட்டு, இரண்டு நிறுவைகள் ஒன்றாகும் வரை விடக்கூடாது. ஆற்றும்போதும் சும்மா மேசையில் வைக்க வேண்டாம். திருகோணமலைக் கடற்காற்றின் ஈரத்துக்குச் சுட்ட சுண்ணாம்பைத் திறந்து வைத்தால் தராசின் கடைசி இலக்கம் கண்முன்னே ஏறிக்கொண்டே போகும். நான்கு தசமத் தராசில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். டெசிக்கேற்றருக்குள் (ஈரம் புகாத உலர்த்து பாத்திரம்) மூடி ஆற்றித்தான் நிறுக்க வேண்டும்.

உவர்மலை மாணவி

அதே வினாத்தாளில் அடுத்த வினாவும் இதோடு சேர்ந்ததுதான் போல. 2.00 கிராம் கல்சியத்தை வளியில் எரித்தபோது விளைவு 2.70 கிராம், எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பது ஏன் என்று கேட்கிறார்கள். ஒட்சைட்டு மட்டும் உண்டானால் 2 × 56 ÷ 40 = 2.80 வர வேண்டும். கொஞ்சம் எரியாமல் போயிருக்கும் என்று எழுதலாமா?

சீமெந்து ஆய்வுகூடம்

எழுதலாம். ஆனால் "வளியில்" என்று அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே அவர்கள் எதிர்பார்ப்பது நைதரசனை. வளியில் ஐந்தில் நான்கு பங்கு அதுதானே. சூடான கல்சியம் அதோடும் தாக்கும். மூன்று கல்சியத்துக்கு இரண்டு நைதரசன், கல்சியம் நைத்திரைட்டு. 120 + 28 = 148. ஒரு கிராம் கல்சியம் ஒட்சைட்டானால் 1.40 கிராம், நைத்திரைட்டானால் 1.233 கிராம்தான்.

எல்லாக் கல்சியமும் தாக்கியது என்று கொண்டு, ஒட்சைட்டானதை 'க' கிராம் என்று எடுங்கள். 1.40 க + 1.233 (2 − க) = 2.70. தீர்த்தால் க = 1.40. சரிபார்ப்பு: 1.40 கிராம் கல்சியத்திலிருந்து 1.96 கிராம் ஒட்சைட்டு, மிச்ச 0.60 கிராமிலிருந்து 0.74 கிராம் நைத்திரைட்டு, கூட்டினால் 2.70. எரிந்ததில் சில துளி தண்ணீர் விட்டு, ஈரமான சிவப்புப் பாசிச்சாயத் தாளை மேலே பிடித்தால் நீலமாகும். அது அமோனியா. நைத்திரைட்டு இருந்ததற்கு அதுவே சாட்சி. எரியாத கல்சியம் மட்டும் மிஞ்சியிருந்தால் ஐதரசன்தான் வரும், தாள் மாறாது.

தம்பலகாமம் வாத்தியார்

அருமையான விளக்கம். இந்த இழையைப் படிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு சொல். விடைத்தாளில் நான் கண்ட அளவில் அதிகம் புள்ளி போவது பேரொட்சைட்டிலோ நைத்திரைட்டிலோ இல்லை, அடைப்புக்குறியில். கல்சியம் ஐதரொட்சைட்டில் அடைப்புக்கு வெளியே நிற்கும் 2 ஒட்சிசனையும் பெருக்கும், ஐதரசனையும் பெருக்கும். 40 + 2 × 17 = 74. இதை 58 என்று எழுதுபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். கல்சியம் பொசுபேற்றில் இன்னும் கவனம்: மூன்று கல்சியம் 120, இரண்டு பொசுபரசு 62, எட்டு ஒட்சிசன் 128, மொத்தம் 310.

மூதூர் இறால்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் சிறு அளவில் இறால் வளர்க்கிறேன். ஒட்சிசன் குறையும்போது போடச் சொல்லி விற்கும் தூளின் பையில் கல்சியம் பேரொட்சைட்டு 70 வீதம் என்று இருக்கிறது. அது இந்தச் சாமான்தானா? இன்னொரு கேள்வி. சேர் சொன்ன எண்களை வைத்துப் பார்த்தால் பேரொட்சைட்டில் ஒட்சிசன் 44 வீதம், சிப்பித் தூளில் 100க்கு 48. அப்படியென்றால் மலிவான சிப்பித் தூளையே போட்டுவிடலாமே?

தம்பலகாமம் வாத்தியார்

அதே சாமான்தான் தம்பி. உங்கள் இரண்டாவது கேள்வி இந்த இழையிலேயே பெறுமதியானது. சிப்பித் தூளில் ஒட்சிசன் கூடுதலாகத்தான் இருக்கிறது, ஆனால் அது வெளியே வராது. காபனேற்றில் மூன்று ஒட்சிசனும் காபனோடு இறுகப் பிணைந்திருக்கின்றன. சூட்டில் வந்தாலும் அமிலத்தில் வந்தாலும் காபனீரொட்சைட்டாகத்தான் வரும், இறாலுக்கு அது உதவாது. பேரொட்சைட்டில் ஒட்சிசனுக்கும் ஒட்சிசனுக்கும் இடையில் உள்ள பிணைப்பு வலுக்குறைந்தது. தண்ணீரில் மெல்லப் பிரிந்து வாயுவை விடும். திணிவு நூற்றுவீதம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சமன்பாடுதான் சொல்லும்.

இரண்டு கல்சியம் பேரொட்சைட்டும் இரண்டு தண்ணீரும் சேர்ந்து இரண்டு கல்சியம் ஐதரொட்சைட்டும் ஒரு ஒட்சிசன் மூலக்கூறும் தரும். திணிவில் 144 உம் 36 உம் சேர்ந்து 148 உம் 32 உம். இரு பக்கமும் 180. ஆக 144இல் 32தான் வாயுவாகிறது, 22.2 வீதம். இருந்த ஒட்சிசனில் பாதி ஐதரொட்சைட்டோடு தங்கிவிடுகிறது.

சீமெந்து ஆய்வுகூடம்

மூதூர் அண்ணாவுக்குக் கணக்கை முடித்துத் தருகிறேன். உங்கள் தூளில் ஒரு கிலோவில் பேரொட்சைட்டு 700 கிராம். அதிலிருந்து ஒட்சிசன் 700 × 32 ÷ 144 = 156 கிராம் அளவில். குளம் 1,000 சதுர மீற்றர், ஆழம் ஒரு மீற்றர் என்றால் தண்ணீர் பத்து இலட்சம் லீற்றர். கரைந்த ஒட்சிசனை லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் உயர்த்த ஒரு கிலோ ஒட்சிசன் வேண்டும், அதாவது 6.4 கிலோ தூள். அதுவும் வாயு துளியும் மேலே தப்பாமல் கரைந்தால்தான். உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும், வேகமும் குறைவு. காற்றூட்டும் துடுப்புச் சக்கரத்தை நிறுத்திவிட்டு இதை நம்பி இருக்க வேண்டாம்.

அந்த 6.4 கிலோவில் உள்ள 4.5 கிலோ பேரொட்சைட்டு 4.6 கிலோ நீறிய சுண்ணாம்பையும் குளத்தில் விட்டுப் போகும். பீஎச், அதாவது தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் எண், ஏறும். பீஎச் ஏறினால் தண்ணீரிலுள்ள அமோனியம் இறாலைக் கொல்லும் அமோனியாவாக மாறும். போடுவதற்கு முன்பும், மறுநாள் விடியவும், பிற்பகலிலும் பீஎச் பாருங்கள். ஏற்கனவே 8.5க்கு மேல் இருந்தால் அன்றைக்குப் போட வேண்டாம்.